80–75க்குக் கீழே என்ன இருக்கிறது? ஜப்பான் பி லீக் ஆட்டத்தின் எண்களைப் படிக்க ஒரு தொடக்கம்

2016 செப்டம்பர் 22 அன்று டோக்கியோவின் யோயோகி உள்விளையாட்டரங்கில் மரத்தரைக்குப் பதிலாக ஆடுகளம் முழுக்க எல்இடி திரை விரித்து ஒரு கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. வீரர்கள் ஓட ஓடக் காலடியில் ஒளிக்கோலங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஆல்வார்க் டோக்கியோ 80, ஒகினாவாவிலிருந்து வந்த ரியூக்யூ கோல்டன் கிங்ஸ் 75. ஜப்பானின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான பி லீக் அந்த ஆட்டத்தோடுதான் தொடங்கியது.

80–75 என்பது யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் சொல்லும். எப்படி என்று தெரிய வேண்டுமானால் அதற்குக் கீழே நீளும் அட்டவணைக்குப் போக வேண்டும். பாக்ஸ் ஸ்கோர் என்பார்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி, அதில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள், கடைசியில் அணியின் மொத்தம். முதல் முறை பார்க்கிறவருக்குக் கரண்ட் பில்லும் ஜாதகக் கட்டமும் சேர்ந்தது போலத்தான் இருக்கும். ஜப்பானிய மொழியில் இருந்தால் இன்னும் மிரட்டும். ஆனால் தலைப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களை ஜப்பானிய நாக்குக்கு வளைத்தவைதான்: ரீபவுண்ட் ரிபாவுண்டோ ஆகும், அசிஸ்ட் அஷிசுதோ, பிளாக் புரோக்கு. நாம் விக்கெட், ஓவர் என்று சொல்வது மாதிரி.

கிரிக்கெட் ஸ்கோர்கார்டு படிக்கத் தெரிந்தவருக்கு இது கஷ்டமே இல்லை. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் முதலில் ரன்னைப் பார்ப்போம். இங்கே புள்ளிகளைக் கடைசியில் பார்ப்பது நல்லது. காரணம் போகப் போகத் தெரியும்.

ஆட்டத்தின் அளவு

பி லீக் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி நடக்கிறது. பத்து பத்து நிமிடங்களாக நான்கு குவார்ட்டர், மொத்தம் 40 நிமிடம். அமெரிக்காவின் என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். அதனால் அங்கே ஒருவர் அடித்த 30 புள்ளியையும் இங்கே ஒருவர் அடித்த 30 புள்ளியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆட்ட நேரமே ஆறில் ஒரு பங்கு குறைவு.

கூடையிலிருந்து 6.75 மீட்டர் தொலைவில் உள்ள வளைவுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி, உள்ளே இருந்து போட்டால் இரண்டு, எதிரணியின் ஃபவுலுக்கு, அதாவது விதி மீறிய மோதலுக்கு, யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியே போக வேண்டும். அட்டவணையைப் படிக்க இவ்வளவு விதி தெரிந்தால் போதும்.

அட்டவணையின் முதல் சில கட்டங்கள் சட்டை எண், பெயர், ஆடும் இடம், தொடக்க ஐவரில் ஒருவரா என்பது. அப்புறம் நிமிடம். ஒரே நேரத்தில் ஐந்து பேர், 40 நிமிடம் என்பதால் ஓர் அணியின் எல்லா வீரர்களின் நிமிடங்களையும் கூட்டினால் சரியாக 200 வரும். ஆட்டம் சமனாகி ஐந்து நிமிடக் கூடுதல் நேரம் போனால் 225. கூட்டிப் பார்க்க யாரும் உட்கார மாட்டோம். ஆனால் அந்த 200 நிமிடத்தை யார் யாருக்குப் பங்கு வைத்தார் என்பதுதான் பயிற்சியாளரின் மனசு. எட்டுப் பேருக்குள் முடித்தாரா, பதினோரு பேரை இறக்கினாரா என்பதை இந்த ஒரு கட்டமே சொல்லிவிடும்.

வாய்ப்பு என்னும் நாணயம்

இனி முக்கியமான இடம். ஒருநாள் கிரிக்கெட்டில் இரண்டு அணிக்கும் 50 ஓவர். கூடைப்பந்தில் அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆனால் நடைமுறையில் அதுவேதான் நடக்கிறது. ஓர் அணி பந்தைப் பிடித்து, எறிந்து, கூடையில் போட்டோ தவறவிட்டோ பறிகொடுத்தோ முடித்தால் பந்து எதிரணிக்குப் போகிறது. அவர்கள் முடித்ததும் திரும்பி வருகிறது. இப்படி மாறி மாறி வருவதால் ஆட்டம் முடியும்போது இரு அணிக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் வாய்ப்புகள் கிடைத்திருக்கும். ஆக, கேள்வி இதுதான்: கிடைத்த வாய்ப்பை யார் நன்றாகச் செலவு செய்தார்கள்?

வாய்ப்புகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அட்டவணையில் நேரடியாக இருக்காது. நாமே போட்டுக்கொள்ளலாம். எறிந்த ஷாட்டுகளின் எண்ணிக்கையில் இருந்து அட்டாக் ரீபவுண்டுகளை (தான் தவறவிட்ட பந்தைத் தானே திரும்பப் பிடித்தவை) கழித்து, பறிகொடுத்தவற்றைக் கூட்டி, எறிந்த ஃப்ரீ த்ரோக்களை 0.44 ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 0.44 எதற்கு? ஒரு ஃபவுலுக்குப் பெரும்பாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். அப்படியானால் பாதி, அதாவது 0.5 தானே வர வேண்டும்? ஆனால் கூடையும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் கூடுதலாக ஒன்று மட்டும் எறிவார்கள். மூன்று புள்ளி எறியும்போது ஃபவுல் வாங்கினால் மூன்று எறிவார்கள். இதையெல்லாம் சராசரியாக்கினால் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் எந்த நிஜ ஆட்டத்துடையவையும் அல்ல. கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

'அ' அணி 82, 'ஆ' அணி 74. 'அ' அணி 61 ஷாட் எறிந்து 29 போட்டது, அதில் மூன்று புள்ளி ஷாட் 25க்கு 9. ஃப்ரீ த்ரோ 20க்கு 15. அட்டாக் ரீபவுண்ட் 9, பறிகொடுத்தது 10. 'ஆ' அணி 66 எறிந்து 27 போட்டது, மூன்று புள்ளி 26க்கு 8. ஃப்ரீ த்ரோ 14க்கு 12. அட்டாக் ரீபவுண்ட் 12, பறிகொடுத்தது 11.

மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 'அ' அணிக்கு 70.8 வாய்ப்பு, 'ஆ' அணிக்கு 71.2 வருகிறது. ஏறக்குறைய சமம். அதே 71 ஓவரில் ஒருவர் 82, இன்னொருவர் 74. நூறு வாய்ப்புக்கு இத்தனை புள்ளி என்று மாற்றினால் 116க்கு எதிராக 104.

தோற்ற அணி ஐந்து ஷாட் அதிகம் எறிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ரீபவுண்டிலும் அட்டாக்கில் மூன்று அதிகம். மேலோட்டமாகப் பார்ப்பவர் 'ஆ' அணிதான் நன்றாக ஆடியது, கொஞ்சம் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவார். அது அரைப் பார்வை. நிறைய ஷாட் எறிந்ததற்குக் காரணமே நிறையத் தவறவிட்டு, அதில் சிலவற்றைத் திரும்பப் பிடித்து மறுபடி எறிந்ததுதான்.

சதவீதம் சொல்லும் பொய்

ஷாட் சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும். 'அ' அணிக்கு 47.5, 'ஆ' அணிக்கு 40.9. இதில் ஒரு சின்ன அநியாயம் இருக்கிறது. இரண்டு புள்ளி ஷாட்டும் மூன்று புள்ளி ஷாட்டும் இந்தக் கட்டத்தில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. பத்துக்கு ஐந்து இரண்டு புள்ளி போட்டவர் 10 புள்ளி சேர்க்கிறார். பத்துக்கு நான்கு மூன்று புள்ளி போட்டவர் 12 சேர்க்கிறார். சதவீதத்தில் முன்னவர் 50, பின்னவர் 40. யாரை அணியில் வைத்துக்கொள்வீர்கள்?

இதைச் சரிக்கட்டத்தான் திருத்திய ஷாட் சதவீதம் ஒன்றைப் போடுகிறார்கள். விழுந்த ஒவ்வொரு மூன்று புள்ளி ஷாட்டுக்கும் அரை ஷாட் போனஸ். 'அ' அணிக்கு 29 உடன் 9இல் பாதியான 4.5 சேர்த்து, 61 ஆல் வகுத்தால் 55 சதவீதம். 'ஆ' அணிக்கு 27 உடன் 4 சேர்த்து, 66 ஆல் வகுத்தால் 47. எட்டு சதவீத வித்தியாசம். ஆட்டம் போனது இங்கேதான்.

டீன் ஆலிவர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் கூடைப்பந்து வெற்றியை நான்கு காரணங்களாகப் பிரித்தார். ஷாட் விழுவது, பந்தைப் பறிகொடுக்காமல் இருப்பது, தவறிய ஷாட்டைத் திரும்பப் பிடிப்பது, ஃப்ரீ த்ரோ சம்பாதிப்பது. முதலாவதற்கு 40 சதவீதம், அடுத்தடுத்து 25, 20, 15 என்று தோராயமாக எடை கொடுத்தார். இந்த எடைகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அட்டவணையின் கடைசி வரியான அணி மொத்தத்தை இந்த வரிசையில் பார்த்தால் ஒரே நிமிடத்தில் கதை பிடிபட்டுவிடும். நான் எப்போதும் கடைசி வரியிலிருந்துதான் மேலே ஏறுகிறேன். வீரர்கள் அப்புறம்.

ரீபவுண்டில் ஒரு வார்த்தை. மொத்த ரீபவுண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். எதிரணி நிறையத் தவறவிட்டால் அந்தப் பந்துகளை நாம் பிடிக்கும் டிஃபென்ஸ் ரீபவுண்ட் தானாகக் குவியும். நம் உதாரணத்தில் 'அ' அணிக்கு டிஃபென்ஸ் ரீபவுண்ட் 28, 'ஆ' அணிக்கு 24 என்று வைத்தால் மொத்தம் 37க்கு 36. சமம் போலத் தெரியும். ஆனால் ஒரு கூடையின் கீழே நடந்த சண்டையை மட்டும் தனியாக எடுங்கள். 'ஆ' அணி தவறவிட்டுப் பிடிக்கக் கிடைத்த 40 பந்துகளில் 12ஐ அவர்களே திரும்பப் பிடித்தார்கள், 30 சதவீதம். மறுபக்கக் கூடையில் கிடைத்த 33இல் 'அ' அணி 9ஐ, அதாவது 27 சதவீதம். ரீபவுண்டை இப்படிக் கூடை கூடையாகப் பிரித்துப் பார்த்தால்தான் அர்த்தம் வரும்.

வீரர் வரி

சரி, இப்போது ஆட்களுக்கு வருவோம். 'ஆ' அணியின் நட்சத்திரம் 24 புள்ளி அடித்தார். ஆட்டத்திலேயே அதிகம். மறுநாள் செய்தித் தலைப்பில் அவர் பெயர்தான் இருக்கும். அவர் வரியை முழுசாகப் படித்தால்: 22 ஷாட்டுக்கு 8, அதில் மூன்று புள்ளி 10க்கு 2, ஃப்ரீ த்ரோ 6க்கு 6. ரீபவுண்ட் 3, அசிஸ்ட் (கூடை விழக் காரணமான பந்தைக் கொடுத்தது) 4, ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தது) 1, பறிகொடுத்தது 4.

'அ' அணியின் உயரமான ஒருவர் 14 புள்ளி. 8 ஷாட்டுக்கு 6, ஃப்ரீ த்ரோ 2க்கு 2, ரீபவுண்ட் 9, அசிஸ்ட் 1, பிளாக் (எதிரணியின் ஷாட்டைத் தட்டித் தடுத்தது) 2, பறிகொடுத்தது 1.

ஷாட்டுகளோடு ஃப்ரீ த்ரோக்களை அதே 0.44 ஆல் பெருக்கிச் சேர்த்தால், முதலாமவர் ஏறக்குறைய 25 எறியும் வாய்ப்புகளைத் தின்று 24 புள்ளி தந்தார். ஒரு வாய்ப்புக்கு ஒரு புள்ளி கூட இல்லை. இரண்டாமவர் ஒன்பது வாய்ப்பில் 14 தந்தார், ஒன்றுக்கு ஒன்றரைக்கும் மேல். அணியின் 66 ஷாட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ஆள் எறிந்து, அதுவும் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாகத் தவறவிட்டால் மற்ற நான்கு பேர் என்ன செய்வார்கள்? புள்ளியைக் கடைசியில் பாருங்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுதான் காரணம். முதலில் எத்தனை எறிந்தார், பிறகு எத்தனை விழுந்தது, அதன் பிறகுதான் புள்ளி.

அதே சமயம் நட்சத்திரத்துக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். 24 வினாடி முடியப்போகிறது, யாருக்கும் இடம் கிடைக்கவில்லை, பந்து யார் கைக்குப் போகும்? அவர் கைக்குத்தான். அந்தக் கெட்ட ஷாட்டை அவர் எறியாவிட்டால் வேறொருவர் இன்னும் கெட்டதாக எறிந்திருப்பார். இது அட்டவணையில் வராது.

இந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் ஆசையில் பிறந்ததுதான் எஃபிஷியன்சி என்ற கட்டம். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாவற்றையும் கூட்டி, தவறவிட்ட ஷாட், தவறவிட்ட ஃப்ரீ த்ரோ, பறிகொடுத்த பந்து ஆகியவற்றைக் கழிப்பது வழக்கமான சூத்திரம். நட்சத்திரத்துக்கு 24+3+4+1 கழித்தல் 14, கழித்தல் 4, ஆக 14. உயரமானவருக்கு 14+9+1+2 கழித்தல் 2, கழித்தல் 1, ஆக 23. இந்த ஆட்டத்துக்கு நியாயமான தீர்ப்புதான். ஆனால் இந்தச் சூத்திரம் எப்போதும் கூடைக்குக் கீழே நிற்கும் உயரமானவர்களுக்கே சாதகம். ஒரு ரீபவுண்டும் ஓர் அசிஸ்டும் ஒரே மதிப்பு என்று யார் சொன்னார்கள்? எதிரணியின் சிறந்த எறியாளரை நிழலாகத் தொடர்ந்து 25 நிமிடம் பந்தே கொடுக்காமல் செய்தவருக்கு இதில் கிடைப்பது பூஜ்யம்.

ஜப்பானிய அட்டவணைகளில் எனக்குப் பிடித்த இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, வாங்கிய ஃபவுல். செய்த ஃபவுலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். எதிரணியை எத்தனை முறை ஃபவுல் செய்ய வைத்தார் என்ற கணக்கு. ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும் என்பதால், உடம்பைக் கொடுத்து உள்ளே நுழைந்துகொண்டே இருப்பவர் புள்ளியே அடிக்காவிட்டாலும் தன் கூட்டாளிகளுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறார். இன்னொன்று, எத்தனை முறை இவருடைய ஷாட் பிளாக் செய்யப்பட்டது என்பது. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் குள்ளமான 'கார்டு' ஒருவர் நெடுமரங்களுக்கு நடுவே எத்தனை முறை துணிந்து போனார் என்பதை அந்தக் கட்டம் சத்தமில்லாமல் சொல்லும்.

அசிஸ்ட் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது எண்ணிக்கை மட்டுமல்ல, தீர்ப்பும் கூட. கொடுத்த பந்தே கூடைக்குக் காரணமா, வாங்கியவர் தன் திறமையால் போட்டாரா என்று களத்தோரம் உட்கார்ந்திருக்கும் கணக்காளர்தான் முடிவு செய்கிறார். ஃபிபா கையேட்டின்படி, பந்தை வாங்கி எறியும்போது ஃபவுல் செய்யப்பட்டவர் ஒரு ஃப்ரீ த்ரோவாவது போட்டால் பந்து கொடுத்தவருக்கு அசிஸ்ட் உண்டு. என்பிஏவில் அது கிடையாது.

பிளஸ்-மைனஸ்

கடைசிக் கட்டம் பிளஸ்-மைனஸ். அந்த வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி முன்னேறியது அல்லது பின்தங்கியது என்பது. அவர் என்ன செய்தார் என்ற கேள்வியே இல்லை. அவர் இருக்கும்போது என்ன நடந்தது, அவ்வளவுதான். ஐந்து பேர் எப்போதும் களத்தில் இருப்பதால் ஓர் அணியின் எல்லா பிளஸ்-மைனஸையும் கூட்டினால் வெற்றி வித்தியாசத்தின் ஐந்து மடங்கு வரும். எட்டுப் புள்ளி வெற்றி என்றால் கூட்டுத்தொகை 40.

தோற்ற அணியில் ஒருவருக்கு மட்டும் பிளஸ் 9 இருந்தால் கண் அங்கே நின்றுவிடும். நிற்கட்டும், ஆனால் ரொம்ப நேரம் வேண்டாம். எதிரணியின் இரண்டாம் வரிசை ஆட்கள் களத்தில் இருந்தபோது அவர் உள்ளே வந்திருக்கலாம். ஓர் ஆட்டத்து பிளஸ்-மைனஸை வைத்து ஒருவரை எடை போடுவது, ஒரே ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வியாபாரம் எப்படி என்று சொல்வது போன்றது. ஒரு பருவம் முழுவதும் சேர்ந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

அணிகளின் கூடுதல் கணக்கு

அட்டவணைக்கு அடியில் இன்னொரு தொகுப்பு இருக்கும். கூடைக்கு முன்னால் உள்ள செவ்வகத்துக்குள் எடுத்த புள்ளி, வேக ஓட்டத்தில் எடுத்தது, எதிரணி பறிகொடுத்ததால் வந்தது, அட்டாக் ரீபவுண்டுக்குப் பிறகு வந்தது, பெஞ்சிலிருந்து வந்தவர்கள் அடித்தது. புதிதாகப் படிப்பவர்கள் இதையெல்லாம் கூட்டி மொத்தப் புள்ளி வருகிறதா என்று பார்த்துக் குழம்புவார்கள். வராது. பெஞ்சிலிருந்து வந்த ஒருவர் பந்தைப் பறித்து, ஓடிப்போய், கூடைக்கு அடியில் லே-அப் போட்டால் அந்த இரண்டு புள்ளி ஒரே நேரத்தில் நான்கு கட்டங்களில் உட்கார்ந்துகொள்ளும்.

இதோடு மிகப் பெரிய முன்னிலை எவ்வளவு, முன்னிலை எத்தனை முறை கைமாறியது என்பதும், குவார்ட்டர் வாரியான ஸ்கோரும். இந்தக் குவார்ட்டர் வரியின் அருமைக்கு நிஜ உதாரணமே இருக்கிறது. லீக் ஆட்டம் அல்ல, தேசிய அணி ஆட்டம். 2023 ஆகஸ்ட்டில் ஒகினாவா அரங்கில் நடந்த உலகக் கோப்பையில் ஜப்பான் ஃபின்லாந்தை 98–88 என்று வென்றது. பத்துப் புள்ளி வெற்றி, சௌகரியமான ஆட்டம் என்று தோன்றும். குவார்ட்டர் வரியைப் பார்த்தால் மூன்று குவார்ட்டர் முடிவில் 63–73, ஜப்பான் பின்னால். ஒரு கட்டத்தில் 18 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் 35–15.

அந்த ஆட்டத்தின் வீரர் வரிகளில் இரண்டு பளிச்சென்று தெரியும். ஜோஷ் ஹாக்கின்சன்: 28 புள்ளி, 19 ரீபவுண்ட். 172 சென்டிமீட்டர் உயரமுள்ள யூகி கவாமுரா: 25 புள்ளி, 9 அசிஸ்ட். மொத்த எண்ணைப் பார்த்தால் ஹாக்கின்சன்தான் நாயகன். ஆனால் கவாமுராவின் 25இல் 15 கடைசிக் குவார்ட்டரில் வந்தவை. பாக்ஸ் ஸ்கோரில் முதல் நிமிடத்துப் புள்ளியும் கடைசி நிமிடத்துப் புள்ளியும் ஒன்றுதான், காலம் அதில் தெரியாது. அதற்கு நடப்பு வரிசை என்று நிமிடம் நிமிடமாக எழுதிய இன்னொரு பதிவு இருக்கிறது. முக்கியமான ஆட்டங்களில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

ஜப்பானுக்கே உரிய சில சங்கதிகள்

இதுவரை சொன்னது எந்த நாட்டு ஆட்டத்துக்கும் பொருந்தும். பி லீக் அட்டவணையைப் படிக்க இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, வெளிநாட்டு வீரர் விதி. 2025–26 வரையிலான பருவங்களில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு மூன்று வெளிநாட்டவரைப் பதிவு செய்ய முடிந்தது, ஆனால் களத்தில் ஒரே நேரத்தில் இருவர்தான். அது போக, ஜப்பானியக் குடியுரிமை பெற்ற ஒருவர் அல்லது ஆசிய ஒதுக்கீட்டில் வந்த ஒருவர் சேர்ந்து ஆட முடிந்தது. இந்த ஆசிய இடம் 2020–21 பருவத்தில் வந்தது, பிலிப்பைன்ஸ் வீரர்கள் பலர் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். லீக்கின் தொடக்க காலத்தில் விதி இன்னும் விசித்திரம்: களத்தில் வெளிநாட்டவருக்கான இடம் நான்கு குவார்ட்டருக்கும் சேர்த்து ஆறு, ஒரு குவார்ட்டருக்கு அதிகபட்சம் இரண்டு. எந்தக் குவார்ட்டரில் ஒன்று, எதில் இரண்டு என்று பயிற்சியாளர் பிரித்துக்கொள்வார். அந்தக் காலத்து அட்டவணையில் ஓர் அணி ஒரு குவார்ட்டரில் திடீரென்று தளர்ந்திருந்தால், வீரர்களைத் திட்டும் முன் அந்தக் குவார்ட்டரில் வெளிநாட்டவர் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.

இந்த விதியின் தடம் எல்லாக் கட்டங்களிலும் தெரியும். அணிகள் வெளிநாட்டு இடங்களைப் பெரும்பாலும் உயரமானவர்களுக்கே செலவிடுகின்றன. அதனால் ரீபவுண்ட், எஃபிஷியன்சி கட்டங்களின் உச்சியில் வெளிநாட்டுப் பெயர்கள், அசிஸ்ட் கட்டத்தில் ஜப்பானிய கார்டுகள். முதல் பருவத்தின் சிறந்த வீரர் கவாசாகி அணியின் நிக் ஃபசேகஸ், அமெரிக்காவில் பிறந்தவர், 2018இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். மேலே பார்த்த ஹாக்கின்சனும் அப்படித்தான், 2023இல். குடியுரிமை மாறியதும் களத்தில் அவர் எண்ணப்படும் விதமே மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட ஓர் உயரமானவர் ஓர் அணிக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபக்கம், சிபா ஜெட்ஸின் யூகி தொகாஷி 167 சென்டிமீட்டர். சென்னை பஸ்ஸில் நம் பக்கத்தில் நின்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். 2018–19 பருவத்தின் சிறந்த வீரர் விருது அவருக்கு. கவாமுரா 2022–23இல் சிறந்த வீரர், சிறந்த புதுமுகம் இரண்டு விருதையும் ஒரே பருவத்தில் வாங்கினார். இவர்களுடைய வரியில் ரீபவுண்ட் 2 என்று இருந்தால் குறையாக நினைக்க வேண்டாம். அவர்கள் வேலை அங்கே இல்லை.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பி லீக்கில் வழக்கமான பருவம் அணிக்கு 60 ஆட்டம். வார நடுவிலும் ஆட்டங்கள் உண்டு, ஆனால் அடிப்படை அமைப்பு வார இறுதி: சனிக்கிழமை ஓர் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று, அதே இரண்டு அணி, அதே அரங்கம். அட்டவணை வாசகனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. எதிரணி மாறவில்லை, இடம் மாறவில்லை, ஆட்களும் பெரும்பாலும் அவர்களே. மாறியது நடுவில் ஓர் இரவு மட்டும்.

அதனால் சனிக்கிழமை அட்டவணையை மூடி வைத்துவிடாதீர்கள். ஞாயிறு அட்டவணை வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று புள்ளி ஷாட் சனிக்கிழமை நிறைய விழுந்து ஞாயிறு விழாமல் போனால் அது பெரும்பாலும் கையின் அதிர்ஷ்டம், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எத்தனை எறிந்தார்கள் என்ற எண் மாறியிருந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை, யாரோ யோசித்து மாற்றியது. முதல் நாள் 35 நிமிடம் ஆடியவர் மறுநாள் 28 என்றால் களைப்பா, ஃபவுல் தொல்லையா என்று பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். சனிக்கிழமை 22 ஷாட் எறிந்த நம் 'ஆ' அணி நட்சத்திரம் ஞாயிற்றுக்கிழமை 13 தான் எறிந்திருக்கிறார், அசிஸ்ட் மட்டும் 4இலிருந்து 9 ஆகியிருக்கிறது என்றால், அந்த இரவு ஒரு பயிற்சியாளர் தூங்கவில்லை.